கணினியின் பின்னணியில் இயங்குவது எது? அறிமுகமற்ற செயல்முறைகளை அடையாளம் காண்பதும் தீநிரலை அகற்றுவதும்

புது தில்லி: கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் ஊடுருவியதாகச் சமூக வலைதளங்களில் தகவல் பரவியதை அடுத்து, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என 2019 அக்டோபர் 29-ஆம் தேதி நிலைய நிர்வாகம் விளக்கம் அளித்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறொரு அறிக்கையை வெளியிட்டது. தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அதைத் தெரிவித்தது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. நிர்வாகப் பணிகளுக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த ஒரு பயனரின் கணினியில் மட்டுமே பாதிப்பு இருந்தது. அணுஉலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

இந்த ஊடுருவலுடன் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்திய தீநிரலின் பெயர் டிட்ராக். அது குறித்து அதே ஆண்டு செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் விவரங்களை வெளியிட்டிருந்தது. தட்டச்சு செய்யப்படும் எழுத்துகளைப் பதிவுசெய்வது, உலாவியின் வரலாற்றைத் திரட்டுவது ஆகியவற்றுடன், கணினியில் அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் செயல்முறைகள் அனைத்தையும் பட்டியலிடுவதும் அதன் வேலைகளுள் ஒன்று. கணினியில் என்னென்ன இயங்குகின்றன என்பதை ஊடுருவுபவர் முதலில் தெரிந்துகொள்கிறார். கணினியின் உரிமையாளரோ அந்தப் பட்டியலைப் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்தப் பட்டியலைப் பயனர் தாமே வாசிப்பது எப்படி, அதில் சந்தேகத்துக்குரியதைப் பிரித்தறிவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பெருமளவில் பயன்படுத்தப்படும் விண்டோஸ் இயங்குதளமே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. மால்வேர் என்ற சொல்லுக்குத் தமிழில் தீம்பொருள் என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. பழந்தமிழில் 'தீம்' என்பது இனிமையையும் குறிக்கும் என்பதால், தீநிரல் என்ற சொல்லே இங்கு பயன்படுத்தப்படுகிறது.

பட்டியலில் இருப்பவை

விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தச் செயலியையும் திறக்காத நிலையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட செயல்முறைகள் அதில் தென்படுவது வழக்கம். முதன்முறையாகப் பார்ப்பவருக்கு இது அச்சத்தை ஏற்படுத்தக்கூடும். ஆனால் அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை இயங்குதளத்துக்கும், ஏற்கெனவே நிறுவப்பட்ட மென்பொருள்களுக்கும் உரியவை.

பலரை முதலில் திடுக்கிடச் செய்வது எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர். அது டஜன் கணக்கில் இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் சேவைகளைத் தாங்கி இயக்கும் பொதுவான கூடு அது. முன்பு பல சேவைகள் ஒரே கூட்டுக்குள் இயங்கின. 2017-இல் வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தலுக்குப் பிறகு, 3.5 ஜிபி-க்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனிக் கூடு ஒதுக்கப்படுகிறது. ஆகவே எண்ணிக்கை அதிகமாக இருப்பது மட்டுமே தீநிரலுக்கு அறிகுறியாகாது.

சிஸ்டம் ஐடில் புராசஸ் என்ற வரிக்கு எதிரே 95 சதவீதம் எனக் காட்டுவதைக் கண்டு, அதுதான் கணினியை மந்தமாக்குகிறது எனக் கருதுவோரும் உண்டு. உண்மையில் செயலி அவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். அதேபோல், கணினியின் வேகத்தைச் சில நேரங்களில் வெகுவாகக் குறைக்கும் எம்எஸ்எம்பிஇங் என்பது விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் தீநிரல் தடுப்பானின் செயல்முறையாகும். சோதனை முடிந்ததும் அது தானாகவே அடங்கிவிடும்.

அறிமுகமற்ற பெயரைக் கண்டவுடன் அதை நிறுத்திவிடுவது தவறான அணுகுமுறை. சிஎஸ்ஆர்எஸ்எஸ் போன்ற அடிப்படைச் செயல்முறையை வலிந்து நிறுத்தினால் நீலத்திரை தோன்றிக் கணினி முடங்கும். உண்மையான தீநிரலாகவே இருந்தாலும், வெறுமனே நிறுத்தினால் அது அடுத்த முறை மீண்டும் எழுந்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்ற தடயமும் கைநழுவிப் போகும். பெயரை இணையத்தில் தேடுவதிலும் கவனம் தேவை. செயல்முறைகளின் பெயரை விளக்குவதாகக் கூறும் பல தளங்கள், எந்தப் பெயருக்கும் 'ஆபத்து' என எச்சரித்துத் தங்களது 'கிளீனர்' மென்பொருளைப் பதிவிறக்கச் சொல்வதையே நோக்கமாகக் கொண்டவை.

பெயர் எதையும் நிரூபிக்காது

தீநிரலை எழுதுபவர் தமது கோப்புக்கு விரும்பிய பெயரைச் சூட்டலாம். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் வி, சி ஆகிய எழுத்துகளை இடம் மாற்றுவதும், ஓ எழுத்துக்குப் பதிலாகச் சுழியம் இடுவதும் பழைய உத்திகள். உள்நுழைவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் எல்சாஸ் செயல்முறையின் பெயரில், முதலில் வரும் சிறிய எல் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ஐ எழுத்தை வைத்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பெயரில் எழுத்துப்பிழையே இல்லாமல், அசல் பெயரையே அப்படியே சூட்டிக்கொண்டு வேறு கோப்புறையிலிருந்து இயங்கும் தீநிரல்களும் உள்ளன.

எனவே பெயரைவிட முகவரி முக்கியமானது. டாஸ்க் மேனேஜரில் சந்தேகத்துக்குரிய வரியின் மீது வலப்புறச் சொடுக்கு செய்து, 'ஓபன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு இருக்குமிடம் திறக்கும். உண்மையான எஸ்விசிஹோஸ்ட், சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32-இலோ, 32-பிட் வடிவமாயின் சிஸ்வாவ்64-இலோதான் இருக்கும். அதே பெயர் கொண்ட கோப்பு டெம்ப், பப்ளிக், ஆப்டேட்டா போன்ற கோப்புறைகளிலிருந்து இயங்கினால் அதைப் போலி எனக் கொள்ளலாம்.

ஆயினும் ஆப்டேட்டாவில் இருப்பவை அனைத்தும் தீயவை அல்ல. ஜூம், விஷுவல் ஸ்டுடியோ கோட் உள்ளிட்ட நம்பகமான மென்பொருள்களும் அங்கே தங்களை நிறுவிக்கொள்வதுண்டு. நிர்வாகி அனுமதி இன்றிக் கோப்புகளை எழுத அந்த இடம் இடமளிப்பதே இதற்குக் காரணம். தீநிரல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே முகவரிக்கு அடுத்தபடியாக மின்னணுக் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாவல் இருந்தால், அதில் வெளியீட்டாளரின் பெயரைக் காணலாம். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் இந்தத் தாவல் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றின் கையொப்பம் தனியான பட்டியல் கோப்பில் சேமிக்கப்படுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் எளிய கருவி புராசஸ் எக்ஸ்புளோரர். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகியோர் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் உருவான இக்கருவி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வசமானது. அதன் தளத்திலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பட்டியல் கோப்பில் உள்ள கையொப்பங்களையும் சேர்த்தே இது சரிபார்க்கும். ஒவ்வொரு செயல்முறையையும் தொடங்கி வைத்தது எது என்பதை மர வடிவில் காட்டுவது இதன் மற்றொரு சிறப்பு. எஸ்விசிஹோஸ்ட் வழக்கமாக 'சர்வீசஸ்' என்ற செயல்முறையின் கீழேதான் பிறக்கும். ஒரு வேர்டு ஆவணத்தைத் திறந்தவுடன் வேர்டின் கீழே பவர்ஷெல் முளைத்தால், அந்த ஆவணத்தை அனுப்பியவரைச் சந்தேகிக்க வேண்டும்.

புராசஸ் எக்ஸ்புளோரரிலிருந்தே வைரஸ்டோட்டல் சேவையைக் கேட்டறியவும் முடியும். கோப்பின் கணித ரேகையை மட்டும் அனுப்பி, பல்வேறு நிறுவனங்களின் தீநிரல் தடுப்பான்கள் அதைப் பற்றி என்ன கூறுகின்றன என்று இது காட்டும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்தால் தவறான கணிப்பாகவும் இருக்கலாம். நாற்பது எச்சரித்தால் விவாதத்துக்கு இடமில்லை. அதே தளத்தில் முழுக் கோப்பையும் பதிவேற்றும் வசதி உண்டு. அவ்வாறு பதிவேற்றப்படுபவை பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும் என்பதால், ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களை அங்கு பதிவேற்றக் கூடாது.

பென் டிரைவ் தரும் பாடம்

விண்ணப்பம் அச்சிடுவதற்காக ஜெராக்ஸ் கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ கொண்டுசெல்லப்பட்ட பென் டிரைவை வீட்டுக் கணினியில் செருகினால், கோப்புறைகள் எல்லாம் 'ஷார்ட்கட்' ஆகக் காட்சியளிக்கும் அனுபவம் நாடு முழுவதும் பலருக்கும் உண்டு. இத்தகைய தீநிரல்களில் ஒரு வகையை டாஸ்க் மேனேஜரில் தேடினால் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயர் மட்டுமே தெரியும். அது சிஸ்டம்32-இலிருந்து இயங்கும். மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பமும் சரியாகவே இருக்கும். மேலே கூறிய சோதனைகள் அனைத்திலும் அது தேறிவிடும்.

ஏனெனில் அது உண்மையாகவே விண்டோஸின் ஒரு பகுதிதான். அதற்குக் கொடுக்கப்பட்ட கட்டளையில்தான் தீமை உள்ளது. டாஸ்க் மேனேஜரின் 'டீடெய்ல்ஸ்' தாவலில், நெடுவரிசைத் தலைப்பின் மீது வலப்புறச் சொடுக்கு செய்து 'கமாண்ட் லைன்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால், டபிள்யூஸ்கிரிப்ட் எந்தக் கோப்பை இயக்கிக்கொண்டிருக்கிறது என்ற முழு முகவரியும் தெரியவரும். அந்தச் சிறிய நிரல் கோப்பே அகற்றப்பட வேண்டியது. பவர்ஷெல், ரன்டிஎல்எல்32, எம்எஸ்எச்டிஏ ஆகியவையும் இவ்வாறே தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன.

இவ்வகைப் பாதிப்பில் பென் டிரைவில் உள்ள அசல் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டுமாறு கோப்புறை அமைப்பை மாற்றினால் அவை தென்படும். பதறிப்போய் பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டுப் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் ஏராளம். ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் தீநிரல் மீண்டும் இயங்கும் என்பதால் அதைத் தொடாமல் இருப்பதே முக்கியம்.

இன்னும் நுட்பமான தீநிரல்களும் உள்ளன. 2019-இல் வரோனிஸ் நிறுவனம் கண்டறிந்த நார்மன் என்ற கிரிப்டோ நாணயச் சுரங்கத் தீநிரல், பயனர் டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் தன் வேலையை நிறுத்திக்கொண்டு, மூடியதும் மறுபடியும் தொடங்கியது. மின்விசிறி இரைந்துகொண்டிருக்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சட்டென அமைதியாகும் கணினியை அலட்சியப்படுத்தலாகாது.

அகற்றும் வரிசை

சந்தேகம் வலுத்தால் முதலில் வைஃபையை அணைத்து அல்லது இணையக் கம்பியைக் கழற்றிக் கணினியைத் தனிமைப்படுத்த வேண்டும். அந்தக் கணினியில் வங்கிப் பணிகளைச் செய்யக் கூடாது. கோப்பின் பெயரையும் முகவரியையும் தாளில் எழுதிக்கொள்வது அல்லது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது பின்னர் உதவும்.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியில் உள்ள ஆஃப்லைன் சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே ஏறத்தாழ 15 நிமிடங்கள் சோதனை நடைபெறும். இயங்குதளம் எழாத நிலையில் தீநிரலும் எழாது என்பதால், ஒளிந்துகொள்ளும் வகைகள் இதில் அகப்பட வாய்ப்பு அதிகம். வழக்கமான சோதனையில் எதுவும் இல்லை என்று வந்தாலும் இதை ஒருமுறை செய்து பார்ப்பது பயனுள்ளது.

சில தீநிரல்கள் இரட்டையாக இயங்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை உடனே எழுப்பிவிடும். இத்தகைய சூழலில் புராசஸ் எக்ஸ்புளோரரில் உள்ள 'சஸ்பெண்ட்' வசதியைப் பயன்படுத்தி இரண்டையும் முதலில் உறையச் செய்த பின்னரே நிறுத்த வேண்டும் என்பது ருசினோவிச் தமது உரைகளில் கற்பித்த உத்தியாகும்.

மறுதொடக்கத்துக்குப் பிறகும் தீநிரல் திரும்பி வருகிறதென்றால், அதைத் தொடங்கி வைக்கும் பதிவு எங்கோ எஞ்சியிருக்கிறது. பதிவேட்டின் ரன் விசை, திட்டமிட்ட பணிகள், சேவைகள், ஸ்டார்ட்அப் கோப்புறை என அது பல இடங்களில் இருக்கலாம். இவை அனைத்தையும் ஒரே சாளரத்தில் காட்டுவது சிஸ்இன்டர்னல்ஸின் மற்றொரு கருவியான ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் தெரிவை இட்டுவிட்டால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். கையொப்பம் சரிபார்க்கப்படாதவை இளஞ்சிவப்பிலும், கோப்பு இல்லாத வெற்றுப் பதிவுகள் மஞ்சளிலும் தோன்றும். சந்தேகத்துக்குரிய பதிவை உடனே அழிக்காமல், அதன் எதிரே உள்ள குறியை மட்டும் நீக்கி மறுதொடக்கம் செய்து பார்ப்பது நல்லது. தவறுதலாக நல்ல மென்பொருளை முடக்கியிருந்தால் குறியை மீண்டும் இட்டால் போதும்.

இரண்டு நாள்கள் போராடியும் திரும்பத் திரும்ப எழும் தீநிரலுடன் மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, நிரல் கோப்புகள் எதையும் எடுக்காமல், 'ரீசெட் திஸ் பிசி' வழியே அனைத்தையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவதே விரைவானதும் நம்பகமானதும் ஆகும்.

அகற்றிய பின்னரும் எஞ்சுவது

கணினி சுத்தமாகிவிட்டது என்பதால் இழப்பு நின்றுவிட்டதாகப் பொருளல்ல. தற்போது பரவலாக உள்ள தகவல் திருடும் தீநிரல்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கீகளையும் சில நிமிடங்களில் நகலெடுத்து அனுப்பிவிடுகின்றன. அந்தக் குக்கீ கையில் இருந்தால், ஓடிபி கேட்கப்படாமலேயே மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைய முடியும். லூமா என்ற இத்தகைய தீநிரல், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதங்களில் மட்டும் உலகம் முழுவதும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைப் பாதித்ததாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது.

லூமா பரவிய வழிகளுள் ஒன்று, 'நான் ரோபோ அல்ல' எனச் சரிபார்க்கும் போலிப் பக்கம். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-வி, என்டர் என வரிசையாக அழுத்துமாறு அப்பக்கம் கேட்கும். அவ்வாறு செய்தால், பயனர் தம் கையாலேயே தீநிரலை வரவழைத்து இயக்குகிறார். உண்மையான சரிபார்ப்பு எதுவும் இவ்வாறு கேட்பதில்லை. கட்டண மென்பொருளை இலவசமாக இயக்க உதவும் 'கிராக்' கோப்புகள் மற்றொரு வழி. நிறுவும் முன் தீநிரல் தடுப்பானை அணைக்குமாறு அவை கேட்பதிலேயே நோக்கம் வெளிப்பட்டுவிடுகிறது.

எனவே தீநிரலை அகற்றிய பின், பாதிக்கப்படாத வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். 'அனைத்துச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற தெரிவையும் பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால், திருடப்பட்ட குக்கீகள் தொடர்ந்து செல்லுபடியாகக்கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் இணைந்துள்ளார்களா என்பதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உதவி கேட்கும் இடம்

டாஸ்க் மேனேஜரைக் கண்டு ஏற்படும் அச்சத்தையே முதலீடாக்கும் மோசடிகளும் உள்ளன. திரையில் தோன்றும் எச்சரிக்கையில் உள்ள எண்ணை அழைத்தால், எதிர்முனையில் இருப்பவர் தொலைநிலை அணுகலைப் பெற்று, சாதாரணச் செயல்முறைகளைக் காட்டி 'இவை எல்லாம் வைரஸ்' எனக் கூறிப் பணம் கேட்பார். 2023 அக்டோபரில் சிபிஐ மேற்கொண்ட 'ஆபரேஷன் சக்ரா-2' நடவடிக்கையில், மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களின் பேரில் பதிவான இத்தகைய தொழில்நுட்ப உதவி மோசடி வழக்குகளும் இடம்பெற்றிருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை.

உள்நாட்டில் இதற்கென அமைக்கப்பட்ட அரசு மையம் சைபர் ஸ்வச்சதா கேந்திரா. செர்ட்-இன் அமைப்பால் நடத்தப்படும் இம்மையம் 2017 பிப்ரவரி 21-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளின் இணைய முகவரிகளைத் திரட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் வாயிலாகப் பயனர்களுக்குத் தகவல் அனுப்புவது இதன் பணி. தீநிரலை அகற்றும் கருவிகளையும், பென் டிரைவ் பாதுகாப்புக்காக சி-டாக் உருவாக்கிய 'யுஎஸ்பி பிரதிரோத்' கருவியையும் தனது தளத்தில் இலவசமாக வழங்குகிறது. இம்மையத்தின் பெயரில் குறுஞ்செய்தி வந்தால், அதிலுள்ள இணைப்பைச் சொடுக்காமல் சிஎஸ்கே டாட் ஜிஓவி டாட் இன் என்ற முகவரியை உலாவியில் ஆங்கிலத்தில் தாமே தட்டச்சு செய்து செல்வது பாதுகாப்பானது.

அலுவலகக் கணினியாயின் பயனர் தாமாக எதையும் அழிக்காமல், இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டுள்ளது. அழிக்கப்பட்ட தடயம் அந்த விசாரணைக்குப் பயன்படாது. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், கணினியைச் சுத்தம் செய்வதற்கு முன்பாகவே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகார் அளிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் அதை முடக்குவதற்கான வாய்ப்பு, புகார் எவ்வளவு விரைவாக அளிக்கப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.